சோலைமலையோடு போன சீர்

ஆத்தூர் வட்டார மலர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர் சடையாண்டி மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். ஒரு நிறுவனத்தை நடத்த இதைவிடப் பெரிய படிப்பு எந்தக் கல்லூரியிலும் கிடையாது என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். இயக்குநர் குழுக் கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினால், "நான் மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன்" என்பார். பேச்சு அத்துடன் முடியும். எதிர்த்துப் பேசியவருக்கு மிஞ்சிப்போனால் ஒரு பெண் இருக்கும். அதுவும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்.

அந்த நிறுவனத்துக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு குளிரறை இருந்தது. சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பெட்டி. டிராக்டரில் மாட்டி எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். அரசாங்கத் தாள்களில் அதற்கு 'நடமாடும் குளிர்பதன அலகு' என்று பெயர். ஊரில் ஏசி ரூம்.

மல்லிகை போட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். விடியுமுன் பறித்த மொட்டு அன்று சாயங்காலமே வாயைத் திறந்துவிடும். முகூர்த்த நாளில் பூவுக்கு அடிதடி நடக்கும். அதற்கு முந்தின நாள் அதே பூவைச் சீண்ட ஆள் இருக்காது. சடையாண்டி தன் ஆயுளில் எத்தனையோ கூடையைச் சாலையோர வாய்க்காலில் கொட்டிவிட்டு, வாசனை தன்னைத் துரத்தாமல் இருக்க வேகமாக வீட்டுக்கு நடந்தவர். போன வருஷம் வைகாசியில்தான் முதன்முதலாக ஆத்தூர்ப் பூ இரண்டு நாள் ஏசி ரூமில் சாவகாசமாக உட்கார்ந்திருந்து, முகூர்த்தம் பார்த்துச் சந்தைக்குப் போனது. அன்றைக்கு அவர் யாரும் பார்க்காமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதார். மறுநாளிலிருந்து அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை அரசாங்கம் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மாசி மாதம் சுற்றறிக்கை வந்துவிட்டது.

அனுப்பியது உழவர் நிறுவன இணைப்பு மேம்பாட்டு முகமை. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அதன் அலுவலகம். கீழே முகூர்த்தம் இருந்தால் மேலே கோப்புகளில் சாம்பார் வாசனை வரும். அதன் அலுவலர் பழனிக்குமார் இளைஞர், சுறுசுறுப்பானவர். எங்கோ ஒரு குளிரான ஊரில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். பயிற்சிக்குப் போன அலுவலர் கற்றதைக் கொண்டு சும்மா இருந்ததாக இந்த நாட்டில் சரித்திரம் இல்லை. மாவட்டத்தின் பதினோரு உழவர் நிறுவனத் தலைவர்களையும் வரவழைத்து, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, சுவரில் படம் காட்டினார். படத்தில் பதினோரு வட்டங்கள் இருந்தன. வட்டங்களுக்கு நடுவே கோடுகள்.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் எப்படி வளர்ந்துச்சு? ஒரு கம்பெனி டைரக்டர் இன்னொரு கம்பெனியிலயும் டைரக்டரா இருப்பார். அப்படி இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

இரண்டு இடத்திலும் மிச்சர் கிடைக்கும் என்று இருட்டில் ஒரு குரல் சொன்னது.

"வளம் பாயும்" என்றார் பழனிக்குமார். ஒரு நிறுவனத்திடம் உள்ள வண்டி, இயந்திரம், தகவல், செல்வாக்கு எல்லாம் அந்த டைரக்டர் வழியாக இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் என்றும், இதற்கு 'இயக்குநர் வழி இணைப்பு' என்று பெயர் என்றும், எந்த வட்டத்துக்கு அதிகக் கோடு வருகிறதோ அந்த வட்டம் கொழுக்கும் என்றும் முக்கால் மணி நேரம் விளக்கினார். தலைவர்களில் பாதிப் பேர் இருட்டைப் பயன்படுத்திக்கொண்டு கண் அயர்ந்தார்கள்.

விழித்திருந்தவர் ஆனந்தமேரி. கொடைரோடு திராட்சை உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவி. நான்கு பையன்களைப் பெற்று, நான்கு மருமகள்களைக் கொண்டுவந்தவர்.

"சார், இது சம்பந்தம் பண்றது. நம்ம ஆளு ஒருத்தர் அந்த வீட்டுல இருந்தா, அங்க இல்லாதது இங்க இருந்து போகும், இங்க இல்லாதது அங்க இருந்து வரும். இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம் லைட்டை அணைச்சு வச்சிருக்கீங்க?" என்றார்.

அறையே விழித்துக்கொண்டது. பதினோரு பேருக்கும் ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பழனிக்குமாருக்குப் புல்லரித்துப் போயிற்று. பயிற்சியில், மக்கள் மொழியில் திட்டத்தைக் கொண்டுசேர்ப்பதைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுத்திருந்தார்கள். இங்கே மக்கள் தாங்களாகவே கொண்டுசேர்த்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் திருத்திய சுற்றறிக்கை வந்தது. அதில் 'கொடுக்கும் நிறுவனம்', 'எடுக்கும் நிறுவனம்', 'இயக்குநருடன் உடன் செல்லும் வளங்கள்' என்ற சொற்கள் முழு அரசாங்க மரியாதையுடன் இடம்பெற்றிருந்தன. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் இன்னொன்றில் எப்படி இயக்குநராக முடியும் என்று சட்டம் தெரிந்த யாரோ கேட்டதற்கு, 'இணை இயக்குநர்' என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டிருந்தது. கடைசிப் பத்தியை மட்டும் சடையாண்டி இரண்டு தடவை படித்தார். எந்த இணைப்பும் இல்லாத நிறுவனம் 'தனித்த நிறுவனம்' என வகைப்படுத்தப்படும். அதன் வளங்கள் இணைப்புள்ள நிறுவனங்களுக்கு மாற்றி வழங்கப்படும் என ஆணையிடப்படுகிறது.

ஆக, ஒரு டைரக்டரைக் கட்டிக் கொடுக்காவிட்டால் ஏசி ரூம் போய்விடும். அதைக் காப்பாற்றவே அவர் சம்பந்தம் பேச இறங்கினார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர்மேல் கோபம் வரக்கூடும்.

யாரைக் கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. சோலைமலைதான். ஐம்பத்தாறு வயது, முறுக்கிய மீசை, தும்பைப்பூ வெள்ளையில் சட்டை. அவர் டைரக்டர் ஆன நாள் முதல் கூட்டத்தில் 'சரி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் வேலை வரும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டவர். எந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாலும் குடும்பம் பண்ணக்கூடிய ஆள் என்று இயக்குநர் குழு ஏகமனதாகக் கருதியது.

பங்குனியில் ஒரு நல்ல நாளில் கொடைரோட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். ஆனந்தமேரியும் அவருடைய இரண்டு டைரக்டர்களும் காரில் வந்து இறங்கினார்கள். சடையாண்டியின் மனைவி பழனியம்மாள், வாயில் வராத வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டாள். சோலைமலை காபித் தட்டை ஏந்தி வந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து பிளாஸ்டிக் நாற்காலி ஓரமாக உட்கார்ந்தார். மீசை மட்டும் கொஞ்சம் இடித்தது.

எதிர்த்துப் பேசுவாரா என்று கொடைரோட்டுக்காரர்கள் விசாரித்தார்கள். பேசவே மாட்டார் என்றார் சடையாண்டி. கணக்கு வழக்குப் பார்ப்பாரா என்று கேட்டார்கள். கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவார் என்றார். ஆனந்தமேரிக்கு முகம் மலர்ந்தது. இப்படி ஓர் அடக்கமான டைரக்டர் இந்தக் காலத்தில் கிடைப்பது அபூர்வம் என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு, எல்லாரும் எதிர்பார்த்திருந்த அந்தப் பேச்சு வந்தது.

"நாங்க எதுவும் கேக்க மாட்டோம் சம்பந்தி. ஒங்க டைரக்டருக்கு நீங்க என்ன செய்யணுமோ அதைச் செய்ங்க" என்றார் ஆனந்தமேரி.

மூன்று பெண்களைக் கொடுத்த சடையாண்டிக்கு இந்த வாக்கியத்தின் விலை தெரியும். எடைத்தராசு ஒன்று, பிளாஸ்டிக் கூடைகள், தார்ப்பாய் என்று ஆரம்பித்தார். ஆனந்தமேரி ஒவ்வொன்றுக்கும் சிரித்தபடி தலையாட்டினார். தலையாட்டி முடித்ததும், கொடைரோட்டில் இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, சோலைமலையோ நிழலில் வளர்ந்தவர், கூட்டத்துக்கு உட்கார்ந்தால் வாடிப் போவாரே என்று தாய்மையுடன் கவலைப்பட்டார். கூட வந்த இரண்டு டைரக்டர்களும் ஜன்னல் வழியாக ஏசி ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சடையாண்டி பழனிக்குமாருக்குப் போன் போட்டார். கவலையே வேண்டாம் என்றார் அலுவலர். குளிரறை இனிமேல் 'இணைந்த வளம்'. கொடுத்த நிறுவனத்தின் பதிவிலும் இருக்கும், எடுத்த நிறுவனத்தின் பதிவிலும் இருக்கும். இதுவரை மாவட்டத்தில் ஒரு குளிரறை. நாளையிலிருந்து இரண்டு. இதுதான் திட்டத்தின் அழகு என்றார்.

சபையில் வைத்து இல்லை என்று சொன்னால் பெண் வீட்டு மானம் போய்விடும். சடையாண்டி தலையாட்டிவிட்டார். ஆனால் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர் சும்மா தலையாட்டுவாரா. மூத்தவள் கல்யாணத்தில் டிவியைக் கொடுத்துவிட்டு ரிமோட்டை 'மறந்து' வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். ரிமோட்டுக்காக வந்தபோதுதான் மூத்த மாப்பிள்ளை மாமனாருக்கு முதல் வணக்கம் வைத்தான். அடுத்தவளுக்குக் கிரைண்டர் கொடுத்தபோது குழவியை நிறுத்திக்கொண்டார். எதையும் முழுசாகக் கொடுத்துவிட்டால் பெண் வீட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவ பாடம்.

சீர் கிளம்புவதற்கு முன்னால், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏசி ரூமின் பின்பக்கம் போனார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை நிற கார்டு உள்ளே இருக்கும். 'இது இல்லாட்டி இது வெறும் பீரோதாண்ணே' என்று மெக்கானிக் ஒரு தடவை காட்டியிருந்தான். அதைக் கழற்றி மஞ்சள் பையில் சுற்றி இடுப்போடு வைத்துக்கொண்டார். சோலைமலை அப்போதே உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாவிலை கட்டி, சந்தனம் தடவி, பெண்கள் குலவையிட, டிராக்டர் கிளம்பியது. பெட்டிக்குள்ளிருந்து சோலைமலை கையெடுத்துக் கும்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த பூக்காரர்களில் சிலருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அது ஏசி ரூமுக்காக.

அன்றிலிருந்து சடையாண்டி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூலிங் ஆகவில்லை சம்பந்தி என்று ஆனந்தமேரி கூப்பிட வேண்டும். இவர் பிகு பண்ணிக்கொண்டு கார்டுடன் போக வேண்டும். போன இடத்தில், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஏசி ரூம் ஆத்தூருக்கு வந்துபோக வேண்டும் என்று பேசி முடிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டுக் கூலிங் எப்படி என்று கேட்டார்.

"சூப்பர் கூலிங் சம்பந்தி. டைரக்டருக்குச் சளியே பிடிச்சிருச்சு. ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்திருக்கோம்" என்றார் ஆனந்தமேரி.

சடையாண்டிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. கார்டு இல்லாமல் எப்படிக் குளிரும்? புதுக் கார்டு போட்டுவிட்டார்களா? அப்படியானால் தன் இடுப்பில் இருப்பது என்ன? மாப்பிள்ளையே கடையில் ரிமோட் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே என்று புழுங்கினார்.

அவருடைய நிறுவனமும் ஓர் இயக்குநரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. சின்னாளப்பட்டி நெசவாளர் நிறுவனம் ஒருவரைக் கொடுத்தது. அவரோடு இரண்டு சுங்குடிச் சேலையும் ஒரு குத்துவிளக்கும் வந்தன. ஜெனரேட்டர் வரும் என்று எதிர்பார்த்துப் பந்தல் போட்டு வைத்திருந்த சடையாண்டி, பந்தலுக்குக் கீழே குத்துவிளக்கை வைத்தார். வந்த டைரக்டர் கூட்டத்தில் நிறுத்தாமல் பேசினார். 'நான் மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன்' என்று சடையாண்டி சொன்னபோது, தான் ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் இணைப்பு முகமை தரவரிசை வெளியிட்டது. ஒரே ஒரு கோடு உள்ள நிறுவனத்துக்குக் கடைசித் தரமான 'இ'தான். மேலே போக வேண்டுமானால் நிறையச் சம்பந்தம் வேண்டும். ஆனந்தமேரி யோசித்தார். வீட்டுக்கு வந்த மருமகளை மகளாகப் பார்ப்பதுதான் முறை. மகள் என்றால் கட்டிக் கொடுக்கலாம். சோலைமலையை ஒட்டன்சத்திரம் காய்கறி நிறுவனத்துக்குக் கட்டிக் கொடுத்தார். கூடவே அவருடைய ஏசி ரூமும் போனது. ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் அவரை வேடசந்தூர் முருங்கை நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வேடசந்தூர் நத்தம் நிறுவனத்துக்குக் கொடுத்தது. இப்படியே ஆத்தூரையும் சேர்த்துப் பதினோரு நிறுவனங்களுக்கும் சோலைமலை டைரக்டர் ஆனார். எல்லா வட்டத்துக்கும் கோடு வந்தது. மாவட்டத்தில் மொத்தம் பதினோரு குளிரறைகள் இருப்பதாக அறிக்கை போனது.

வைகாசி பிறந்தது. மல்லிகை மடை திறந்த மாதிரி பூத்தது. வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம். புதன்கிழமைப் பூவை அதுவரை வைத்திருந்தால் போதும், ஊரே தலைநிமிர்ந்துவிடும். பூக்காரர்கள் சடையாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் மஞ்சள் பையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

கொடைரோட்டில் ஏசி ரூம் இல்லை. டைரக்டர் ஒட்டன்சத்திரம் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கூலிங் எப்படி என்று கேட்டார். குளிர் தாங்க முடியவில்லை என்றார்கள். அடுத்த பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் போனார்.

"ஏனுங்க, செத்த முந்தி வந்திருக்கக்கூடாதுங்களா? இப்பத்தானுங்க டைரக்டரை வேடசந்தூருக்கு அனுப்பி வெச்சோம்" என்று அங்கே இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தார்கள். கூலிங் பற்றிக் கேட்டதற்கு, காய்கறி எல்லாம் ஐஸ் கட்டியாகிவிட்டதுங்க என்றார்கள்.

வேடசந்தூரிலும் இல்லை. சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வந்திருந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் குளிரறையையும் நேரில் பார்த்துச் சான்று கொடுப்பது அவர்கள் வேலை. குழு ஓர் ஊரில் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது, பின்வாசல் வழியாக டிராக்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். குழு போய் இறங்கும்போது அங்கே புது மாவிலையோடு குளிரறை நிற்கும், உள்ளே ஸ்வெட்டருடன் ஒரு டைரக்டர் உட்கார்ந்திருப்பார். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மீசை வைத்த டைரக்டர் இருப்பதைக் குழுத் தலைவர் கவனித்தார். இந்த மாவட்டத்தின் வழக்கம் போலும் என்று எழுதிக்கொண்டார்.

சடையாண்டி டிராக்டர் போன தடத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்தார். அவர் போகும் ஊரிலெல்லாம் சக்கரத் தடமும் சந்தன வாசனையும் மட்டும் இருந்தன. ஊர் திரும்பியபோது புதன்கிழமைப் பூ விரிந்து, பழுத்து, அடிமாட்டு விலைக்குச் செண்ட் கம்பெனி லாரியில் அள்ளிக் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. டீக்கடையில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வந்தார். வாழ்க்கையில் அப்படி ஒரு கசப்பான டீயை அவர் குடித்ததில்லை.

வீட்டில் பழனியம்மாள்தான் வழி சொன்னாள். பொண்ணைக் கட்டிக் கொடுத்தால் ஆடிக்கு அழைக்க வேண்டாமா என்று கேட்டாள்.

சடையாண்டி துள்ளி எழுந்தார். தலை ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். இதில் மாப்பிள்ளை வீடு மறுக்க முடியாது, அரசாங்கமும் மறுக்க முடியாது. சோலைமலை வந்தால் ஏசி ரூம் வரும். ஆடியில் கல்யாணம் இல்லைதான், முகூர்த்தப் பூ விலை தரையில்தான் கிடக்கும். ஆனாலும் ஆடி வெள்ளி உண்டு. வியாழக்கிழமைப் பூவை வெள்ளி வரை வைத்தால் அம்மன் கோயில்களுக்கே எல்லாம் போய்விடும். அப்புறம் டைரக்டரைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் போல அவர் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டால் யார் என்ன செய்வது?

பழனிக்குமாருக்கு யோசனை பிடித்துப்போனது. 'ஆடி இணைப்புச் சங்கமம்' என்று பெயர் வைத்து, மற்ற பத்து நிறுவனத் தலைவர்களையும் விருந்துக்கு வரச் சொல்லிவிட்டார். போட்டோக்காரரும் வந்தார்.

வியாழக்கிழமை காலையில் மாவிலைத் தோரணத்தோடு ஏசி ரூம் பிறந்த வீடு வந்து சேர்ந்தது. ஊரே கூடி நின்றது. விடியற்காலையில் பறித்த பூ, வாசலில் குன்று மாதிரிக் குவிந்திருந்தது. ஆரத்தி எடுத்து முடிந்ததும் விருந்தாளிகளைப் பந்திக்கு அனுப்பிவிட்டு, சடையாண்டி ஸ்க்ரூடிரைவருடன் பின்பக்கம் போனார். மஞ்சள் பையிலிருந்து கார்டை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

கார்டை மாட்ட இடம் இருந்தது. மற்றதற்கெல்லாம் இடம் மட்டுமே இருந்தது. கம்ப்ரசர் இருந்த இடத்தில் ஒரு பல்லி இருந்தது. காற்றாடி இல்லை, அதன் மோட்டார் இல்லை, செம்புக் குழாய் இல்லை, கதவைச் சுற்றியிருந்த ரப்பர்கூட இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார். சோலைமலை நாற்காலியில் உட்கார்ந்து பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியது.

"ஏலே சோலைமலை, எங்கடா எல்லாம்?" என்றார் சடையாண்டி.

சோலைமலை தன் பொது வாழ்வின் மிக நீண்ட உரையை அப்போது ஆற்றினார்.

"கம்ப்ரசர் கொடைரோட்டுல. ஃபேன் ஒட்டன்சத்திரத்துல. மோட்டாரு வேடசந்தூரு. ஆளுக்கு ஒண்ணு கழட்டி வச்சுக்கிட்டுத்தான் அடுத்த ஊருக்கு அனுப்புனாக. அப்பத்தான் மறுபடி தேடி வருவாகளாம். மொதல்ல கழட்டுனது யாருன்னு நான் சொல்லணுமா?"

சடையாண்டி கையிலிருந்த கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப எந்த ஊர்லயும் ஒரு நாளும் குளிரலையா?"

"இல்ல."

"எல்லாரும் சூப்பர் கூலிங்னு சொன்னாங்களேடா."

"இல்லைன்னு சொன்னா தரம் போயிருமாம்ல."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

சோலைமலை விசிறுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "பதினோரு கம்பெனிக்கும் நான் டைரக்டரு. ஒரு கம்பெனி ரகசியத்தை இன்னொரு கம்பெனியில போயிச் சொன்னா, அது தப்பில்லையாண்ணே?"

சடையாண்டி வெளியே வந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தார். பத்துத் தலைவர்களும் அவரவர் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கீழே வைக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரரின் பைக்குள்ளிருந்து காற்றாடியின் ஓர் இறக்கை எட்டிப் பார்த்தது. ஆனந்தமேரி மடியில் கைப்பை மட்டும்தான் இருந்தது. ஆனால் அடிக்கடி தலையைத் திருப்பி, பின்பக்கம் தாழ்ந்து நின்ற தன் காரைப் பார்த்துக்கொண்டார். கம்பெனியில் விட்டு வந்தால் கூட இருக்கும் டைரக்டர்களையே நம்ப முடியாது என்ற பயம் எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்திருக்கிறது.

முழு ஏசி ரூமும் அந்தப் பந்தலுக்குள் இருந்தது. பதினோரு பேரும் பையைத் திறந்தால், மெக்கானிக் வந்து மத்தியானத்துக்குள் மாட்டிவிடுவான். சாயங்காலம் பூ உள்ளே போய்விடும். வாசலில் குவியலின் மேல்பக்கத்துப் பூக்கள் லேசாக வாய் திறக்கத் தொடங்கியிருந்தன. வாசனை பந்திவரைக்கும் வந்தது.  சடையாண்டிக்கு எல்லாரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. எல்லாரும் என்றால் தன்னையும் சேர்த்துத்தான்.

பழனியம்மாள் பாயசவாளியோடு பக்கத்தில் வந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"மொதல்ல ஒங்க பையை எடுத்து நடுவுல வைங்க. நீங்க வச்சாத்தான அவுக வைப்பாக."

"மொதல்ல வைக்கிறவன்தான் பொண்ணு வீட்டுக்காரன். நான் மூணு தடவை வச்சவன், புள்ள" என்றார் அவர். என்றாலும் பூவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பையோடு பந்தியின் நடுவே ஓர் அடி எடுத்து வைத்தார்.

பத்துத் தலைவர்களும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பத்து இடது கைகள் பத்துப் பைகளை இறுக்கிப் பிடித்தன. ஆனந்தமேரி கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.   சடையாண்டி, ரசம் வந்ததா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து பழனிக்குமார் கைபேசியை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். சென்னையிலிருந்து செய்தி வந்திருந்தது. வளப் பகிர்வில் மாநிலத்திலேயே இந்த மாவட்டம்தான் முதல் பரிசு. பதினோரு நிறுவனங்களுக்கு இடையே வளம் இவ்வளவு சமமாகப் பகிரப்பட்டதை வேறு எங்கும் பார்த்ததில்லை என்று ஆய்வுக் குழு எழுதியிருந்தது. அதைக் கேட்டு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பகிர்ந்தது என்னவோ உண்மைதான்.

எல்லாரையும் ஏசி ரூமுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாசலில் விரிந்துகொண்டிருந்த பூவிலிருந்தே மாலை கட்டி, பதினோரு தலைவர்களுக்கும் போட்டார்கள். நடுவில் சோலைமலை மறுபடியும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். மிச்சப் பூவுக்காகச் செண்ட் கம்பெனி லாரி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது.

"இன்னொரு சந்தோஷமான விஷயம்" என்றார் பழனிக்குமார். "பரிசா பதினோரு நிறுவனத்துக்கும் பொதுவா ஒரு புத்தம் புது குளிரறை வருது. இதைவிடப் பெருசு. அடுத்த மாசம் சோலைமலை சார் பேருக்கு இந்த ஊர்லயே வந்து இறங்கும்."

பூக்காரர்கள் கை தட்டினார்கள். டீக்கடைக்காரர்கூடச் சடையாண்டியைப் பார்த்துச் சிரித்தார். ஆவணி முழுக்க முகூர்த்தம். புது ஏசி ரூம் முழுசாக, ஒரு துண்டுகூடக் கழலாமல் இந்த ஊருக்கு வரப்போகிறது. சடையாண்டியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கழுத்து மாலையைச் சரி செய்துகொண்டு, மற்ற பத்துப் பேருக்கும் கேட்காத மாதிரி அலுவலர் பக்கம் குனிந்தார்.

"புதுசுல அந்தக் கார்டு எந்தப் பக்கம் சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"அதையேதான் சார் எல்லாரும் கேக்கறாங்க" என்றார் பழனிக்குமார்.